உண்டியலில் ஒட்டிய முகம்

யசோதினிக்கு இப்போது இருபத்தொரு வயது. பதுளை பஸார் வீதியில் புஹாரி முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அவளை நேரில் பார்த்திராதவர்களுக்கும் அவள் முகம் தெரியும். பதுளையிலோ பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ ஒரு பாமசிக்கு மாத்திரை வாங்கப் போனவர்கள், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு மிச்சக் காசுக்காக நின்றவர்கள், எல்லோரும் பார்த்திருப்பார்கள். பதினான்கு வருடங்களாக அந்த முகம் கடைகளின் மேசைகளில் இருந்தது. கண்ணாடி உண்டியலின் முன்பக்கத்தில், ஏழு வயதில், அழுதபடி.

பண்டாரவளையில் ஒரு சிறுவர் இல்லம் இருக்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வளர்க்க முடியாமல் விடப்பட்ட பிள்ளைகளுமாக நாற்பது பேர்வரை அங்கே தங்கிப் படிப்பார்கள். அதை நடத்தும் நிதியத்துக்கு ஒரு காலத்தில் மின்கட்டணம் கட்டவே வழியில்லாமல் இருந்தது. அப்போது தொண்டனாகச் சேர்ந்த ரஜீவ் ஒரு யோசனை சொன்னான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி முகத்தை மட்டும் பெரிதாகப் படம் எடுக்கலாம், கொழும்பில் கண்காட்சி வைத்து விற்கலாம், வருகிற பணத்தில் இல்லத்தை நடத்தலாம் என்றான். அவன் பதுளையில் ஓர் ஆசிரியரின் மகன். கையில் புதுக் கெமரா, மனதில் நல்ல எண்ணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவன் ஒருவனைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தோட்டக் கமிட்டித் தலைவர் வந்து சொன்னபோது, யசோதினியின் அம்மா கலாராணி அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். கணவன் கந்தப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அனுப்ப மகளுடைய படம் ஒன்று கிடைக்கும் என்பதுதான் அவள் நினைப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டாள். தீபாவளிக்கு எடுத்த ரோஸ் நிறக் கவுனைப் போட்டுவிட்டாள். முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குப் பொட்டு. பக்கத்து வீட்டுக் காம்பராவில் சப்பாத்துகூட இரவல் வாங்கினாள்.

ரஜீவோடு வந்த நிதியத்துப் பெண் ஒருத்தி வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கலியாண வீட்டுக்கா போகிறோம் என்று கேட்டாள். பிறகு அன்பாகவே, வீட்டில் எப்போதும் இருக்கிற மாதிரி இருந்தால் போதும் அம்மா, இந்த உடுப்பு வேண்டாம், தலையையும் அவிழ்த்துவிடுங்கள் என்றாள். கலாராணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்க் கவுனைக் கழற்றி, தோளில் கிழிந்த பழைய சட்டையை மாட்டி, பின்னலைக் கலைத்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள்.

யசோதினி அழுதாள். கவுனுக்காக அழுதாள். அவளுக்கு அதைவிடப் பெரிய துக்கம் அந்த வயதில் இல்லை. முகத்தில் இருந்த பவுடர் கண்ணீரோடு கரைந்து கோடு கோடாக இறங்கியது. படத்தில் அது அழுக்கு மாதிரியும் சாம்பல் மாதிரியும் தெரிந்தது. ரஜீவ் அவளை அதட்டவில்லை, அழச் சொல்லவுமில்லை. அவள் அழுதாள், அவன் எடுத்தான். போகும்போது ஆங்கிலத்தில் இருந்த ஒரு கடதாசியை நீட்டிக் கலாராணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கொழும்புக் கண்காட்சியில் முப்பது பிள்ளைகளின் படங்கள் இருந்தனவாம். அழுத பிள்ளையின் படம்தான் எல்லாவற்றையும்விட அதிக விலைக்குப் போனது. யாரோ பெரிய மனிதர் வாங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நிதியத்தார் அதே படத்தைச் சிறிதாக அச்சடித்து உண்டியல்களில் ஒட்டி ஊவா மாகாணம் முழுவதும் கடைகளில் வைத்தார்கள். கலாராணி வீட்டுக்கு ஒரு புத்தகப்பையும், பால்மாவும், மாதம் பத்துக் கிலோ அரிசியும் வந்தன. அவள் அனுப்ப நினைத்த படம் மட்டும் வரவில்லை.

அந்தப் படத்தைக் கந்தப்பன் தானாகவே பார்த்தான். கொழும்பிலும் சில கடைகளுக்கு உண்டியல் போயிருந்தது. தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் தன் மகளின் முகத்தையும் அதன் கீழே எழுதியிருந்ததையும் கண்டான். தந்தையை இழந்த இந்தப் பிஞ்சின் பசிக்கு உங்கள் கை நீளட்டும் என்று எழுதியிருந்தது. கடைக்காரன் மிச்சக் காசைக் கொடுத்தபோது கந்தப்பனுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் இருபது ரூபாவை உள்ளே போட்டுவிட்டு உச்சுக்கொட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் வந்து இறங்கினான். தேத்தண்ணீர் கொடுத்த கலாராணியிடம் ஒன்றுதான் கேட்டான்.

"நான் செத்துட்டேனா?"

அவளுக்கு விளங்கவில்லை. உண்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் டவுனுக்குப் போய்ப் பார்க்கவில்லை. கந்தப்பன் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பண்டாரவளையில் நிதியத்து அலுவலகத்துக்குப் போனான். தான் உயிரோடு இருப்பதாக அங்கே போய்ச் சொன்னான். அவர்கள் மிகவும் வருந்தினார்கள். எழுதியவருக்குத் தவறான தகவல் போயிருக்கிறது என்றார்கள். அடுத்த அச்சில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள், படத்தை எடுக்கவில்லை. அரிசியும் அந்த மாதத்தோடு நின்றது. கோபத்தில் நிறுத்தவில்லை. தந்தை உயிரோடு இருக்கும் குடும்பத்துக்கு உதவி கொடுக்க அவர்களுடைய விதியில் இடமில்லை, அவ்வளவுதான்.

கந்தப்பன் கொழும்புக்குத் திரும்பினான். இன்றும் அங்கேதான் ரொட்டி போடுகிறான். முன்பு மாதத்துக்கு ஒரு முறை வந்தவன், அதன் பிறகு தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும் வந்தான். வந்தாலும் மகளின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவது குறைந்துபோயிற்று.

பள்ளிக்கூடத்தில் யசோதினிக்கு 'உண்டியல்' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் ஆண்டில் தொடங்கிய பெயர் உயர்தரம் வரை வந்தது. சில பையன்கள் அவள் மேசையில் இரண்டு ரூபா நாணயக் குற்றியை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். அழுதால் படத்தில் உள்ளபடியே இருக்கிறாள் என்பார்கள். ஆகவே அவள் அழுவதை விட்டாள். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட நாளிலும், உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற அளவுக்குப் புள்ளி வராத நாளிலும் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

பத்தொன்பது வயதில் புஹாரி முதலாளியின் கடைக்கு வேலை கேட்டுப் போனாள். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காசு மேசையில் இருந்த உண்டியலில் ஒரு தாளை மடித்துப் போடுவார். வேலைக்கு வந்த பெண்ணையும் உண்டியலில் இருந்த பிள்ளையையும் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஏழு வயது முகத்தைப் பத்தொன்பதில் கண்டுபிடிப்பது கஷ்டம். அதுவும் இவள் எண்ணெய் வைத்து வாரி, நிமிர்ந்து நிற்கிற பெண்.

காலையில் கடையைக் கூட்டும்போது யசோதினி உண்டியலைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பாள். முதலாளி வந்து மறுபடியும் வாசல் பக்கமாகத் திருப்புவார். இப்படி இரண்டு வருடம் போயிற்று. உடன் வேலை செய்த றஷீனா மட்டும் ஒருநாள், அந்தப் பிள்ளையைப் பார்க்க உனக்கும் மனசு தாங்கவில்லையா என்று கேட்டாள். யசோதினி ஆமாம் என்றாள்.

இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கு முன்னால் முதலாளி அவளைக் காசு மேசையில் உட்கார வைத்தார். கை சுத்தம், கணக்கும் வரும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சம்பளமும் கூடியது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நாள் அது. உண்டியல் அவளுடைய வலது முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மூன்றாம் வாரம் அவளுடைய தோட்டத்து மேற்பிரிவிலிருந்து ஒரு பெண் சாரி எடுக்க வந்தாள். பணத்தை நீட்டியவள் உண்டியலைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ கலாராணி மகதானே? இது நீதானே?" என்று கேட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "எங்க தோட்டத்துப் புள்ளதாங்க இது. உண்டியலுன்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள். பகல் சாப்பாட்டுக்குள் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அடிக்கடி வருகிற வாடிக்கையாளர்களுக்கும் தெரிந்துவிட்டது. மிச்சக் காசை நீட்டினால் சிலர் வாங்க மறுத்தார்கள். நீயே வைத்துக்கொள் பிள்ளை என்றார்கள். ஒரு அம்மா நாற்பது ரூபாவை விட்டுவிட்டுப் போனபோது யசோதினி எழுந்து வாசல்வரை ஓடினாள். அந்த அம்மா அவள் கையை மூடி, தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். கடைக் காசோடு சேர்த்தால் கணக்கு இடிக்கும், தன் பையில் வைத்தால் பிச்சை. வேறு வழியில்லாமல் அதை உண்டியலில்தான் போட்டாள், தன் முகத்துக்கு மேலே இருந்த துவாரத்தில்.

அன்று மாலை முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாந்த மாதிரியும் இருந்தது. அந்தப் பிள்ளை எங்கேயோ ஓர் இல்லத்தில், தான் போடுகிற காசில் சாப்பிட்டு வளர்கிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அந்த நினைப்பு அவருக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்திருக்கிறது.

"நீங்க அதுல சாப்பிடவே இல்லையா மகள்?"

"பத்து மாசம் அரிசி வந்திச்சுங்க முதலாளி."

அவர் எழுந்துபோய் உண்டியலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆனால் எதிர்த்த பாமசியில் ஒன்று இருந்தது, பஸ் நிலையத்துப் பேக்கரியில் ஒன்று இருந்தது. நிதியத்துக்காரர் காசெடுக்க வந்தால் என்ன சொல்வது என்று முதலாளிக்கும் தெரியவில்லை. நேரே போய்க் கேட்பதுதான் சரி என்று சொல்லி அவளுக்கு ஒருநாள் லீவு கொடுத்தார்.

பண்டாரவளை அலுவலகத்தில் இப்போது ரஜீவ்தான் பொறுப்பாளர். தொந்தி விழுந்து, தலையில் பாதி நரைத்திருந்தது. அவன் கதிரைக்குப் பின்னால் சுவரில் அவளுடைய படம் கதவளவு பெரிதாகச் சட்டமிட்டுத் தொங்கியது. யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று வரவேற்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். இல்லத்தைச் சுற்றிக் காட்டினான். சின்னப் பிள்ளைகள் மேசையில் வரிசையாக இருந்து சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, படத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். ரஜீவ் அலுமாரியைத் திறந்து அவள் அம்மாவின் கையெழுத்துள்ள கடதாசியை எடுத்துக் காட்டினான். அதைக் காட்டி மிரட்டவில்லை. காட்டிவிட்டு, இதற்காக நான் பேசவில்லை என்று மறுபடி உள்ளே வைத்துவிட்டான். இரண்டு தடவை படத்தை மாற்றிப் பார்த்ததாகச் சொன்னான். சிரிக்கிற பிள்ளை ஒன்றைப் போட்டார்கள், வசூல் பாதியாகக் குறைந்தது. புத்தகம் வைத்திருக்கும் பிள்ளையைப் போட்டார்கள், அதுவும் ஓடவில்லை. அந்த வருடம் இரண்டு ஆயாக்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. பிறகு மறுபடியும் இவளுடைய படத்தையே ஒட்டினார்கள்.

"இங்க முப்பத்தெட்டுப் புள்ளைங்க இருக்கு. உங்க படந்தான் அதுங்களுக்குச் சோறு போடுது. சும்மா பேச்சுக்குச் சொல்லல தங்கச்சி, கணக்கைப் பாத்துத்தான் சொல்றேன்" என்றான்.

"அன்னைக்கு நான் எதுக்கு அழுதேன்னு கேட்டீங்களா சேர்?"

"இல்ல."

அவள் கவுனைப் பற்றிச் சொன்னாள். ரஜீவுக்கு முகம் வாடித்தான் போயிற்று. படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே என்று மெதுவாகச் சொன்னான்.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. இதே மாதிரி வேறொரு படம் கிடைத்தால் மறுநாளே எல்லா உண்டியலிலும் மாற்றிவிடலாம் என்றான். அவள் இருக்கும் லயத்தில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்களே என்று கேட்டான். முன்பு போல் இல்லை, விதிகளைத் திருத்திவிட்டோம், தகப்பன் இருந்தாலும் உதவி உண்டு, பதினெட்டு வயது வரை மாதாமாதம் அரிசியும் படிப்புச் செலவும் கொடுப்போம் என்றான். அதிலும் பொய் எதுவும் இல்லை.

பஸ் தெமோதரையைத் தாண்டும்வரை அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. என்னிடமே கேட்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதுளையில் பஸ் மாறிப் பசறையை நெருங்கும்போது டிலுக்ஷியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிலுக்ஷி அடுத்த காம்பராவில் இருக்கும் மகேஸின் மகள், ஆறு வயது. மகேஸ் கொழுந்து பறிக்கிறவள். அவள் கணவன் மரக்கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பு உடைந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். ஒரு ஆள் உழைப்பில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். கலாராணி வீட்டுக்கு ஒருகாலத்தில் அரிசி வந்ததை மகேஸ் அறிவாள். யசோதினியிடம் பலமுறை கேட்டிருக்கிறாள், அந்த நிதியத்தில் சொல்லி என் பிள்ளைக்கும் ஏதாவது செய்யச் சொல்லேன் என்று. அப்போதெல்லாம் யசோதினி பேச்சை மாற்றிவிடுவாள். அன்று போய்த் தானாகவே சொன்னாள். படம் எடுப்பார்கள் அக்கா, மாதாமாதம் அரிசி கொடுப்பார்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மகேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலாராணி வீட்டுக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்ததும், "அந்தப் புள்ள வேணாம் யசோ" என்றாள்.

"அப்ப நான் மட்டும் போதுமாம்மா?"

கலாராணி அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஜீவ் தனியாகவே வந்தான். மகேஸ் பிள்ளைக்குத் தலை வாரப் போனாள். வாரக் கூடாது என்று யசோதினிதான் முதலிலேயே சொல்லி, பழைய சட்டையோடு நிற்க வைத்தாள். அதனால் டிலுக்ஷிக்கு எந்த வருத்தமும் இல்லை. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை. கெமராவைக் கண்டும் சிரித்தாள், ரஜீவின் தொந்தியைப் பார்த்தும் சிரித்தாள். பேசாமல் நில் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு மணித்தியாலம் போயிற்று. மகேஸ் கணவனுக்கு உடம்பு துடைத்துவிட உள்ளே போய்விட்டாள். ரஜீவ் களைத்துப்போய், இது சரிவராது தங்கச்சி, வேறு இடத்தில் பார்க்கிறேன் என்று கெமராவைப் பைக்குள் வைக்கப் போனான்.

யசோதினி பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். காதோடு சொன்னாள்.

"ஒங்கம்மா ஒன்னைய விட்டுட்டு அரபு நாட்டுக்குப் போறாங்க. நாளைக்குக் காலையில. நீ எந்திரிக்கிறதுக்குள்ள போயிருவாங்க."

அந்த லயத்திலிருந்து அப்படி வீட்டுவேலைக்குப் போன தாய்மார் மூன்று பேர். டிலுக்ஷிக்கு அது தெரியும். வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி யசோதினியைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. உதடு கோணி, கண் நிறைந்து, சத்தம் வருவதற்கு முன் மூன்று நான்கு நொடி அப்படியே நின்றாள். ரஜீவ் தன் தொழிலில் கெட்டிக்காரன். அந்த நொடிகளுக்குள் வேலையை முடித்துவிட்டான்.

யசோதினி உடனே பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். அக்கா பொய் சொன்னேன், அம்மா எங்கேயும் போக மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை நம்பவில்லை. முதலில் கேட்டதைத்தான் நம்பியது. என்ன சொன்னாய் என்று ரஜீவ் கேட்கவில்லை. படங்களைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிப் போனான்.

மூன்று வாரத்தில் உண்டியல்களில் முகம் மாறியது. பாமசியில், பேக்கரியில், அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த கடையில், எல்லா இடத்திலும் மாறியது. புஹாரி முதலாளி அலுமாரியிலிருந்து பழையதை எடுத்துக்கொடுத்துப் புதியதை வாங்கி மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை தாளை மடித்துப் போட்டுவிட்டு, பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றார். யசோதினி கடைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். வசூல் முன்னைவிடக் கூடியிருக்கிறது, பிள்ளைகளின் படுக்கை மண்டபத்துக்குக் கூரை போடப் போகிறோம் என்று ரஜீவ் தொலைபேசியில் சொன்னான்.

பாரம் இறங்கினாற்போல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. சில நாட்கள் அவள் நன்றாகத் தூங்கினாள். சுடிதார் ஒன்று எடுத்தாள். மிச்சக் காசை விட்டுப் போகிறவர்கள் குறைந்து, ஒரு மாதத்தில் யாருமே இல்லாமல் போனார்கள். மகேஸ் வீட்டுக்கு அரிசியும் சொன்னபடி வந்தது.

ஆனால் டிலுக்ஷி விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழும்பத் தொடங்கினாள். தாயின் சேலைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்தாள். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு மகேஸ் புறப்பட்டால் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் போக மறுத்தாள். பிள்ளையைக் காலிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டு மகேஸ் பெரட்டுக்குப் போய்ச் சேரும்போது பெயர் பதிந்து முடிந்திருக்கும். கங்காணி அரைநாள் சம்பளத்துக்கான பெயர்தான் போடுவார். தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஒரு பாணி மருந்து கொடுத்தார்கள். கோயிலில் திருநீறு போட்டார்கள். இரண்டும் உதவவில்லை. வந்த அரிசிக்கும் போன சம்பளத்துக்கும் ஏறக்குறையச் சரியாகிவிட்டது.

யசோதினி ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் மகேஸ் தனியாக நின்றபோது போய், அன்று பிள்ளையின் காதில் என்ன சொன்னாள் என்பதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அடிக்கட்டும் என்று நின்றாள்.

மகேஸ் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அன்னைக்கே புள்ள சொல்லிருச்சு."

"அப்ப ஏன்கா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ பயந்துபோயி அவங்கக்கிட்டச் சொல்லுவ. அவங்க படத்தை எடுத்துருவாங்க. அரிசி நின்னுரும்." வாளி நிரம்பி வழிந்தது. மகேஸ் குழாயை மூடினாள். "ஒனக்கு ஒன் மொகம் வேண்டியிருந்துச்சு யசோ. எனக்கு அரிசி வேண்டியிருந்துச்சு. இப்ப வந்து என்னத்தைச் சொல்ற?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. வழியில் கண்டால் வேலைக்கா என்று கேட்பாள். யசோதினியும் ஆமாங்கக்கா என்பாள். அரிசி வருகிற நாளில் மகேஸ் அரைக் கொத்து அளந்து கலாராணிக்குக் கொடுத்தனுப்புவாள். கலாராணி அதை வாங்க மனமில்லாமலும் மறுக்க முடியாமலும் வாங்கிக்கொள்வாள்.

லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிய ஐந்தரைக்கு மகேஸ் கொழுந்துக் கூடையை எடுக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பின்னாலேயே டிலுக்ஷியின் குரல் தொடங்கும். யசோதினி வழக்கமாக ஏழு மணி பஸ்ஸில் போகிறவள். இப்போது ஐந்து மணிக்கே கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கிறாள். கடை திறக்க ஒன்பதாகும். அதுவரை பஸார் வீதியில் பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு நேரத்தோடு ஏன் வருகிறீர்கள் மகள் என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது என்று சொன்னாள்.